எங்கப்பாவும் கேப்டன்தான்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் விருதுநகர் பக்கம். கபடி ஆடிய காலத்திலிருந்தே அப்பாவை ஊரே ‘கேப்டன்’ என்றுதான் கூப்பிடும். 1994இல் அவர் ஆரம்பித்த கடைக்கும் ‘கேப்டன் மெஸ்’ என்றுதான் பெயர். எங்கள் எண்ணெய் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவுக்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். அந்த மசாலாவைப் பொடியாக அரைத்து, பாக்கெட் போட்டு, ‘கேப்டன் சால்னா பொடி’ என்று விற்க ஆசைப்படுகிறேன். சிவகாசியில் லேபிள் டிசைனும் போட்டாயிற்று. இதற்குள் கட்சிக்காரர் ஒருவர் கடைக்கே வந்து, “எங்க கேப்டன் பேரை வச்சு நீங்க காசு பார்ப்பீங்களா?” என்று அப்பாவிடம் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. தோனி ‘கேப்டன்’ பெயரை வாங்கிவிட்டார், இனி யாரும் வைக்க முடியாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் கணவரோ, “நாமே முந்திக்கொண்டு ‘கேப்டன்’ என்ற சொல்லை எல்லாப் பொருளுக்கும் பதிவு செய்துவிடலாம்” என்கிறார். நாங்கள் இந்தப் பெயரை வைக்கலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பெயரை வைக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் லேபிளோடு வைக்கக் கூடாது. அப்பாவிடம் முதல் வாக்கியத்தை இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, உங்களுக்கும் அச்சகத்துக்கும் இடையே உள்ள வேலை.

அந்த லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு முகம்: அடர்ந்த மீசை, சிவந்த கண்கள், நெற்றியில் விழும் முடி. வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி. இடது மூலையில் சின்னதாக ஒரு முரசு. கூடவே நீங்கள் அனுப்பிய குடும்பப் படத்தில் அப்பாவையும் பார்த்தேன். ஒல்லியான மனிதர், மீசையே இல்லை. லேபிளில் இருப்பவர் உங்கள் அப்பா இல்லை. ‘கேப்டன்’ என்று சொன்னதும் டிசைன் போட்டவர் மனதில் எந்த முகம் வந்ததோ அதை வரைந்துவிட்டார். கடையில் பாக்கெட்டைக் கையில் எடுப்பவர் மனதிலும் அதே முகம்தான் வரும். உங்கள் வழக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது. சட்டம் சொல்லை மட்டும் எடுத்துத் தராசில் வைப்பதில்லை. அந்தச் சொல், அந்தப் பொருளின் மேல், வாங்குகிறவர் மனதில் யாரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது என்று பார்க்கிறது.

விஜயகாந்த் அவர்களுக்குக் ‘கேப்டன்’ என்ற பெயர் நிலைத்தது 1991இல் வந்த ‘கேப்டன் பிரபாகரன்’ படத்துக்குப் பிறகு. அது அவருடைய நூறாவது படம். 2010இல் தொடங்கிய தொலைக்காட்சிக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தார். இந்தத் தேதி உங்களுக்கு முக்கியம். 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் (வணிகக் குறி) சட்டத்தில் 14ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உயிரோடிருக்கும் ஒருவரோடு, அல்லது விண்ணப்பத் தேதிக்கு முந்தைய 20 ஆண்டுகளுக்குள் இறந்த ஒருவரோடு, இல்லாத தொடர்பை இருப்பதுபோல் ஒரு குறி காட்டினால், அவருடைய அல்லது அவரது சட்டப்பூர்வ வாரிசுகளின் எழுத்துபூர்வமான சம்மதத்தைப் பதிவாளர் கேட்கலாம். 2043 டிசம்பர் வரைக்கும் இது அவருக்குப் பொருந்தும். இப்போதைய லேபிளோடு விண்ணப்பித்தால், அந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும். முரசு வேறு இருக்கிறது. அது அவர் தொடங்கிய கட்சியின் சின்னம். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

ஒருவரின் பெயரையும் உருவத்தையும் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமைக்கு ஆளுமை உரிமை என்று பெயர்; இறந்தவரின் அந்த உரிமை வாரிசுகளுக்குப் போகாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றனவே என்று யாராவது உங்களிடம் வாதாடலாம். உண்மைதான். சுஷாந்த் சிங் ராஜ்புத் தொடர்பான வழக்கில் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்தத் திசையில்தான் போனது. ஜெயலலிதா வாழ்க்கையை ஒட்டிய படம் குறித்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலையும் அப்படித்தான். ஆனால் நான் சொன்ன 14ஆம் பிரிவு தனி. ஆளுமை உரிமை வழக்கில் தப்பித்தாலும் பதிவு அலுவலகத்தில் நிற்க வேண்டிவரும். உயிரோடிருப்பவர் விஷயத்தில் நீதிமன்றம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கும் என்பதற்கு, ரஜினிகாந்த் தன் பெயரில் வந்த இந்திப் படத்துக்கு எதிராகப் போட்ட வழக்கே போதும். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பெயர், உருவம், பேசும் பாணி இவற்றை வைத்து ஆள் யாரென்று அடையாளம் தெரிந்துவிட்டால், மக்கள் குழம்பினார்களா என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்பது அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட நிலை.

சட்டத்தைத் தள்ளி வைத்தும் ஒன்று சொல்கிறேன். அவர் உருவத்தைச் செயற்கை நுண்ணறிவால் படங்களில் கொண்டுவரும் பேச்சு 2024இல் எழுந்தபோது, முன்அனுமதி இல்லாமல் யாரும் செய்யக் கூடாது என்று குடும்பத்திலிருந்து அறிக்கை வந்தது. இழந்தவர்களின் மனம் அப்படித்தான் இருக்கும். உங்கள் கடைக்கு வந்து சத்தம் போட்டவரும் தலைவரை இழந்த துக்கத்தில் இருப்பவர். அப்பாவைப் பேசிய விதம் தவறு, அதை ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவரிடம் பிரிவு எண்களைச் சொல்லி மல்லுக்கு நிற்க வேண்டாம். கடைக்குக் கூப்பிட்டு, அப்பாவின் பழைய கபடிப் படத்தைக் காட்டி, புது லேபிளையும் காட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

தோனி விஷயத்துக்கு வருவோம். அவர் கேட்டது ‘கேப்டன்’ என்ற சொல்லை அல்ல, ‘கேப்டன் கூல்’ என்ற பட்டப்பெயரை. 2023 ஜூனில் விண்ணப்பித்தார். அதைப் போன்ற பெயர் ஏற்கெனவே பதிவேட்டில் இருப்பதாக முதலில் அவருக்கே ஆட்சேபம் வந்தது. அந்தப் பெயர் சொன்னால் மக்கள் நினைப்பது தன்னைத்தான் என்று வாதாடிய பிறகே விண்ணப்பம் ஏற்கப்பட்டு, 2025 ஜூனில் டிரேட்மார்க் இதழில் விளம்பரமானது. இதழில் வருவது பதிவு ஆகாது. வந்த நாளிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். இன்னொன்று, டிரேட்மார்க்கில் பொருள்களையும் சேவைகளையும் வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; அவர் கேட்டது 41ஆம் வகுப்பில். விளையாட்டுப் பயிற்சி போன்ற சேவைகள் அதில் வரும். சால்னா பொடிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. நீங்கள் ‘கூல்’ என்று சேர்க்காத வரை, மட்டையோ ஹெல்மெட்டோ வரையாத வரை, அந்த வாட்ஸ்அப் செய்தியை மறந்துவிடுங்கள்.

இப்படி ஒரே பட்டப்பெயர் பல தோள்களில் ஏறுவது நமக்குப் புதிதல்ல. ‘தளபதி’ 1991இல் ரஜினி படத்தின் தலைப்பு, கட்சித் தொண்டர்களுக்கு ஸ்டாலின், சினிமா ரசிகர்களுக்கு விஜய். ‘தல’ என்றால் அஜித், மஞ்சள் சட்டை போட்டால் தோனி. அஜித் 2021 டிசம்பரில், என்னைத் தல என்று குறிப்பிட வேண்டாம், பெயரைச் சொன்னால் போதும் என்று அறிக்கையே விட்டார். அதன் பிறகும் கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். பட்டப்பெயர் கூப்பிடுகிறவர் வாயில் பிறப்பது. சுமக்கிறவரே அதை இறக்கி வைக்க நினைத்தாலும் முடிவதில்லை.

‘கேப்டன்’ இன்னும் பெரிய கூட்டம். பதினேழாம் நூற்றாண்டில் கரீபியன் கடலில் கப்பல்களை மறித்த ஹென்றி மார்கனின் பெயரில் ஒரு ரம் விற்கிறது. அமெரிக்காவில் 1963இல் ‘கேப்டன் கிரஞ்ச்’ என்று காலை உணவுத் தானியம் ஒன்று வந்தது. அந்த டப்பாவுக்குள் இலவசமாகப் போட்ட விசிலை ஊதினால் 2600 ஹெர்ட்ஸ் ஒலி வரும். அந்நாளைய தொலைபேசி இணைப்பகங்களை ஏமாற்றி இலவசமாகத் தொலைதூர அழைப்பு பேச அந்த ஒலி உதவியது. அந்த வித்தையில் பெயர் எடுத்த ஜான் டிரேப்பர் என்பவருக்குக் கடைசியில் ‘கேப்டன் கிரஞ்ச்’ என்பதே பட்டப்பெயராகிவிட்டது. உங்கள் வீட்டில் ஆளின் பெயர் கடைக்குப் போயிற்று. அங்கே கடைப்பொருளின் பெயர் ஆளுக்கு வந்தது.

இந்தக் கூட்டத்தில் உங்களுக்கு உண்மையிலேயே பாடமாகக் கூடியது ‘கேப்டன் மார்வெல்’ கதை. 1940இல் ஃபாசெட் என்ற அமெரிக்கப் பதிப்பகம் அந்தப் பெயரில் ஒரு சித்திரக்கதை நாயகனைக் கொண்டுவந்தது. சூப்பர்மேனைப் பார்த்துச் செய்தது என்று சூப்பர்மேன் பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்து, 1953இல் ஃபாசெட் அந்தக் கதையையே நிறுத்திக்கொண்டது. பெயர் சும்மா கிடந்தது. 1967இல் மார்வெல் நிறுவனம் அதே பெயரில் தன்னுடைய நாயகன் ஒருவனை இறக்கியது. அப்புறம் 1970களில் பழைய நாயகனை உயிர்ப்பிக்க டிசி நிறுவனம் உரிமம் வாங்கியபோது, அவனுடைய சொந்தப் பெயரை அட்டையில் தலைப்பாகப் போட முடியவில்லை. ‘ஷசாம்’ என்று போட்டார்கள். 2019 மார்ச்சில் ‘கேப்டன் மார்வெல்’ படமும் ஏப்ரலில் ‘ஷசாம்’ படமும் அடுத்தடுத்து திரைக்கு வந்தன. முதலில் அந்தப் பெயரைச் சுமந்தவன் இரண்டாவது படத்தில்தான் இருந்தான். விட்டுவிடாமல் பயன்படுத்தியவருக்கே பெயர். நம் சட்டத்தின் 47ஆம் பிரிவும், பதிவு செய்துவிட்டுத் தொடர்ந்து 5 ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாத குறியை நீக்கக் கேட்கலாம் என்கிறது.

உங்கள் கணவரின் யோசனைக்கு இதிலேயே பதில் இருக்கிறது. டிரேட்மார்க்கில் மொத்தம் 45 வகுப்புகள். தனிநபர் இணையவழி விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். 45க்கும் போட்டால் 2,02,500 ரூபாய். டயருக்கும் பெயிண்டுக்கும் ‘கேப்டன்’ என்று வாங்கி வைத்து நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? அந்தச் சொல் மட்டும் தனியாக உங்களுக்குக் கிடைப்பதும் அரிது. அந்தப் பணத்துக்கு நல்ல அரவை இயந்திரமும் பாக்கெட் ஒட்டும் இயந்திரமும் வாங்குங்கள்.

நான் உண்மையில் கவலைப்படும் இடம் சினிமாவும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. 30ஆம் வகுப்பு. மசாலா, மாவு, உப்பு, டீ, காபி எல்லாம் ஒரே வகுப்பில் அடங்குகின்றன. 1990களில் ‘கேப்டன் குக்’ என்று உப்பு வந்தது நினைவிருக்கிறதா? ஈரம் கோக்காமல் பொலபொலவென்று கொட்டும் என்று விளம்பரம் செய்வார்கள். உங்கள் பொடி நிற்கப்போவது அதே மளிகைக்கடை அலமாரியில். எனவே முதல் வேலை, டிரேட்மார்க் பதிவுத் துறையின் இணையதளத்தில் 30ஆம் வகுப்பில் ‘கேப்டன்’ என்று தேடிப் பார்ப்பது. எழுத்துக்கு எழுத்து மட்டும் தேடினால் போதாது, உச்சரிப்பு ஒத்த தேடலும் செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் ‘கே’ போட்டும் ‘சி’ போட்டும் இந்தப் பெயரை எழுதுகிறார்கள். மசாலாவிலேயே யாராவது பதிவு செய்திருந்தால் எனக்கு அந்த விண்ணப்ப எண்ணை அனுப்புங்கள். அப்போது பேச்சே வேறு. ‘சால்னா’ என்ற சொல்லைச் சேர்த்தோமே என்று சமாதானம் சொல்ல முடியாது, அது பொருளின் பெயர், யாருக்கும் தனியாகக் கிடைக்காது.

பதிவு செய்ய வேண்டியது அப்பாவின் முகம் உள்ள லேபிள் முழுவதும்: ‘கேப்டன் மெஸ்’ என்ற பெயர், ஊர்ப் பெயர், ஆரம்பித்த ஆண்டு, கபடி ஆடும் உருவம் எல்லாம் சேர்த்து. மெஸ்ஸுக்கு 43ஆம் வகுப்பு, பொடிக்கு 30ஆம் வகுப்பு. இரண்டுக்கும் சேர்த்து 9,000 ரூபாய். இப்படிப் பதிவு செய்தால் ‘கேப்டன்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு உங்களுக்குத் தனியுரிமை வராது. 17ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. நாளைக்கு ‘கேப்டன் டீக்கடை’ என்று ஒருவர் வைத்தால் நீங்களும் போய்ச் சத்தம் போட முடியாது. ஆனால் உங்கள் லேபிளைப் பார்த்து, அதே நிறத்தில், அதே கபடிக்காரர் சாயலில் ஒருவர் பொடி விற்றால் நிறுத்தலாம். உங்களுக்குத் தேவையானது அதுதான்.

அப்பாவின் பெயர்தானே, 35ஆம் பிரிவு சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்த அனுமதிக்கிறதே என்று யாராவது சொன்னால், அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அது அவரவர் இயற்பெயரை மனதில் வைத்து எழுதியது. பட்டப்பெயருக்கு எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பது வாதத்துக்கு உரியது. உங்களுக்கு அதைவிட உறுதியான பிடி 34ஆம் பிரிவு. இன்னொருவர் பயன்படுத்தத் தொடங்கிய நாள், பதிவு செய்த நாள், இவற்றில் எது முந்தியதோ அதற்கும் முன்பிருந்தே விடாமல் பயன்படுத்தி வருகிறவரை, பின்னால் வந்தவர் தடுக்க முடியாது. மெஸ்ஸுக்கு 1994 முதல் கணக்கு இருக்கிறது. பொடிக்கு இன்றுதான் பிறந்தநாள். மெஸ்ஸின் வயதைப் பொடிக்கு அப்படியே ஏற்றிச் சொல்லிவிட முடியாது. விண்ணப்பத்தில் பொடிக்கு ‘1994 முதல் பயன்பாடு’ என்று எழுதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பொய்யென்று ஆனால் மெஸ்ஸின் உண்மையான உரிமையும் சேர்ந்து அடிபடும்.

சான்றுகளைத் தேடி எடுங்கள். நகராட்சி உரிமம், பழைய பில் புத்தகம், கடைப் பலகை தெரிகிற ஏதாவது கல்யாணப் படம். பங்குனிப் பொங்கல் நோட்டீஸில் ‘உபயம்: கேப்டன் மெஸ்’ என்று ஒரு வரி இருந்தாலும் அதற்குத் தேதி உண்டு, சாட்சியாக நிற்கும். எல்லாவற்றையும்விட, 1987இல் நடந்த கபடிப் போட்டியின் நோட்டீஸ் ஒன்று அப்பாவின் டிரங்குப் பெட்டியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதில் அவர் பெயருக்கு முன்னால் ‘கேப்டன்’ என்று அச்சிட்டிருப்பதாகவும். அதைப் படித்ததும் எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. படம் வந்தது 1991இல். கடை வைத்தது 1994இல். “படத்தின் புகழைப் பார்த்துத்தான் கடைக்குப் பெயர் வைத்தீர்கள்” என்று நாளைக்கு ஒருவர் சொன்னால், அந்த ஒற்றைத் தாள் பதில் சொல்லும். அதை லேமினேட் செய்யாதீர்கள், பழைய தாள் சூட்டில் கருகிவிடும். கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்து, நல்ல ஸ்கேன் ஒன்று எடுங்கள்.

விண்ணப்பம் யார் பெயரில் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அப்பா இருக்கும்போதே, அப்பா பெயரில், அல்லது அப்பாவும் நீங்களும் உங்கள் தம்பியும் கூட்டாளிகளாக உள்ள நிறுவனத்தின் பெயரில் போடுங்கள். தகப்பனின் பட்டப்பெயரில் நடந்த ஒரு பலகாரக் கடைக்காக, அவர் போன பிறகு இரண்டு அண்ணன் தம்பிகள் எட்டு வருடம் என் அலுவலகத்தில் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். ஒருவர் பெயரில் மட்டும் பதிவு இருந்தது. இன்னொருவர்தான் விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு பற்றவைத்தவர். உங்கள் வீட்டில் அப்படி ஆக வேண்டாம். தம்பியைக் கூப்பிட்டு இன்றே பேசுங்கள்.

புது லேபிள் வரைபவரிடம், படத்தின் உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். பணம் கொடுத்துவிட்டாலே படம் நமதாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். பதிவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ போடக் கூடாது, ‘டிஎம்’ என்று போட்டுக்கொள்ளலாம். தமிழ் எழுத்தில் உள்ள குறிக்கு ஆங்கில எழுத்தாக்கமும் பொருளும் சேர்த்துத் தர வேண்டும். அலுவலகத்திலிருந்து ஆய்வறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும், அதனால் விண்ணப்பத்தில் கொடுக்கும் மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள்.

லேபிளுக்கு எந்தப் படம் என்று தேடி அலைய வேண்டாம். நீங்கள் அனுப்பியவற்றில் நான்காவதாக ஒரு குழுப் படம் இருக்கிறது. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள், முன்னால் மூன்று பேர் குந்தியிருக்கிறார்கள். நடுவில் உங்கள் அப்பா, இடது முழங்காலில் கட்டு, வலது கை மண்ணைத் தொட்டபடி, பாடிப் போகத் தயாராக. அந்த உருவத்தை ஓவியரிடம் கோட்டோவியமாக வரையச் சொல்லுங்கள். முழங்கால் கட்டை விட்டுவிட வேண்டாம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.